பலகையை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்: பிக்கப் ட்ரக்குக்கு மடிப்புக் கடினமூடி

பிக்கப் ட்ரக்கின் சரக்குப் பெட்டிக்கு மடிப்புக் கடினமூடி விற்கும் கடைகளில், வாடிக்கையாளர் கையில் கொடுத்துக் காட்டுவது பெரும்பாலும் பலகையைத்தான். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கெட்டியான நுரை, மேலே மங்கலான கறுப்புப் பூச்சு. விரலால் தட்டினால் உறுதியாக ஒலிக்கும். விளம்பரப் படத்திலும் அதுதான் முன்னால் நிற்கும். பக்கத்தில் எத்தனை பவுண்டு தாங்கும் என்ற எண் பெரிய எழுத்தில் இருக்கும். இதையெல்லாம் பார்த்து 1,000 டாலர் கொடுத்து வாங்கிய மூடியில் பிற்பாடு தலைகாட்டும் குறைகளைக் கவனியுங்கள். மழைக்குப் பிறகு பெட்டியின் முன்மூலைகளில் ஈரம். டெயில்கேட்டை அறைந்து சாத்தினால்தான் பூட்டு விழுகிறது. நெடுஞ்சாலையில் போகும்போது கடகடவென்ற சத்தம். இடதுபுறம் விரல் நுழையும் இடைவெளி இருக்க, வலதுபுறம் மூடி வண்டியின் பெயின்டை உரசிக்கொண்டிருக்கிறது. இவற்றில் ஒன்றுகூடப் பலகையின் குறை அல்ல. பலகை முடிந்து வண்டி தொடங்கும் இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஓட்டுவீடு ஒழுகும்போது ஓட்டை மாற்றுவதற்கு முன் ஓடும் சுவரும் சேரும் இடத்தைப் பார்ப்பதுபோல, மூடியைத் தேர்ந்தெடுக்கும்போதும் பொருத்தும்போதும் கவனத்தில் பெரும்பங்கு விளிம்புக்குப் போக வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை அடிப் பெட்டி கொண்ட ஒரு ஃபோர்டு எஃப்-150 வண்டியில் மூடியின் பரப்பு ஏறத்தாழ 30 சதுர அடி. அதன்மேல் ஒரு அங்குல மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 70 லிட்டர். பலகை வழியாக ஒரு சொட்டும் இறங்காது. அலுமினியமோ கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக்கோ நீரை விடுவதில்லை. ஆகவே அந்த 70 லிட்டரும் ஏதோ ஒரு விளிம்பைத் தாண்டித்தான் கீழே போயாக வேண்டும். நூற்றில் ஒரு பங்கு தவறான பக்கம் திரும்பினாலும் முக்கால் லிட்டர் பெட்டிக்குள் வந்துவிடும். ஒரு அட்டைப்பெட்டியை நனைத்து அடியோடு பிய்ந்துபோகச் செய்ய அது போதும். பலகை எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு உண்மையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்குப் பெட்டி நீர் புகாதபடி செய்யப்பட்ட ஒன்றல்ல. மழை நீர் தேங்காமல் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகவே அடித்தளத்தில் வடிதுளைகளும், முன்சுவர் சேரும் இடங்களில் இடுக்குகளும் விடப்பட்டிருக்கும். டெயில்கேட்டின் அடியிலும் இரு பக்கங்களிலும் இடைவெளி உண்டு. திறந்த பெட்டியாக இருக்கும்வரை இவை நன்மைகள். மூடி போட்டவுடன் ஒவ்வொன்றும் ஈரமும் தூசியும் நுழையும் வழியாகிறது. அதனால்தான் கவனமாக எழுதும் தயாரிப்பாளர்கள் தங்கள் மூடி நீரைத் தடுக்கும் என்பார்களே தவிர, ஒரு சொட்டும் புகாது என்று எழுத மாட்டார்கள். மூடியோடு வரும் ரப்பர் பட்டைகள் மேல்விளிம்பை மட்டும்தான் காக்கும். டெயில்கேட்டைச் சுற்றி ஒட்டும் பட்டையைப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். விலை சில பத்து டாலர்கள். தடித்த பலகைக்கென்று கூடுதலாக 300 டாலர் கொடுப்பவர் இந்தப் பட்டையை வாங்காமல் விட்டால், பணம் தவறான இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விளிம்பின் அமைப்பைப் பொறுத்து மூடிகள் இரண்டு வகை. ஒன்று பெட்டியின் பக்கச்சுவர்களுக்கு நடுவே இறங்கி, சுவரின் மேல்மட்டத்தோடு சமமாக நிற்பது. மற்றது சுவரின் தலைமேல் படுத்து, சற்றே உயர்ந்து தெரிவது. முதல் வகை பார்க்க அழகு. சுவரின் தலைப்பகுதியும் அதிலுள்ள கம்பப் பொந்துகளும் காலியாக இருப்பதால் ஏணிச் சட்டம் போன்றவற்றைப் பொருத்த வசதி. ஆனால் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் விழும் நீரை, மூடியைத் தாங்கப் பக்கச்சுவரில் பொருத்தும் ரெயிலில் உள்ள வாய்க்கால் ஏந்தி, முன்மூலைகளில் உள்ள வடிகுழாய் வழியே வெளியே அனுப்ப வேண்டும். அந்தக் குழாய் இலையாலும் மண்ணாலும் அடைபட்டால் வாய்க்கால் நிரம்பி உள்ளே வழியும். இரண்டாவது வகையில் ரப்பர் பட்டை சுவரின் தலையிலேயே அமர்வதால் நீர் வெளிப்புறமாக வழிந்து போய்விடும், பராமரிப்பு குறைவு. சுவரின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாலோ, உறை மேடுபள்ளமாக இருந்தாலோ பட்டை சரியாக அமராது. மழையே முதல் எதிரி என்றால் இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுப்பதே சரி. ஏணிச் சட்டத்தோடு பிழைப்பு நடத்தும் எலக்ட்ரீஷியனுக்கும் பெயின்டருக்கும் முதல் வகைதான் பொருந்தும்; அவர்கள் வடிகுழாயைப் பருவத்துக்கு ஒருமுறை கழுவிவிடும் வேலையையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பட்டை எதனால் ஆனது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஈபிடிஎம் எனப்படும் செயற்கை ரப்பர் வெயிலையும் குளிரையும் நெடுநாள் தாங்கும். வினைல் விலை குறைவு. கடுங்குளிரில் விறைக்கும், வெயிலில் நாளடைவில் சுருங்கி வெடிக்கும். இதை அற்ப விஷயமாக நினைக்க வேண்டாம். அலுமினியம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் உலோகம். ஒன்றே முக்கால் மீட்டர் நீளமுள்ள மூடி, டொரொன்டோவின் சனவரிக் குளிரிலிருந்து கோடை வெயிலில் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும்போது, 80 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் என்று கொண்டால், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். அந்த 3 மில்லிமீட்டரை ஆண்டுதோறும் அமுங்கியும் விரிந்தும் ஈடுகட்டுவது பட்டைதான். விறைத்த பட்டையால் அது முடியாது. பலகைகளை இணைக்கும் கீல்களுக்கும் இதே விதி. மூன்று பலகை மூடியில் இரண்டு கீல்கள், நான்கு பலகை மூடியில் மூன்று. ஒவ்வொரு கீலும் நீர் நுழையக்கூடிய ஒரு கோடு. உலோகக் கீலின் நடுவே ரப்பர் வைத்தது ஒரு வகை. துணிபோன்ற வினைலையே கீலாகப் பயன்படுத்துவது இன்னொரு வகை. முதலாவது விலை அதிகம், ஆயுளும் அதிகம். கீலையும் பட்டையையும் தாழையும் உதிரியாகத் தனித்து விற்கிறார்களா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பலகைக்கு நீண்ட உத்தரவாதம் கொடுத்துவிட்டு பட்டைக்குக் குறைந்த காலமே கொடுக்கும் நிறுவனம், எது முதலில் தேயும் என்று தனக்கே தெரியும் என்பதை அதன்மூலம் சொல்லிவிடுகிறது.

விளிம்பு வண்டியோடு பொருந்த வேண்டுமென்றால் வண்டியின் அளவு தெரிய வேண்டும். வாங்குபவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுவது இங்கேதான். வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி மூடி கேட்பது போதாது. 2019 ஆம் ஆண்டு செவர்லே சில்வராடோ 1500 புதிய உடலோடு வந்தது. அதே ஆண்டில் பழைய உடலோடு சில்வராடோ 1500 எல்டி என்ற பெயரிலும் விற்றார்கள். ராம் 1500 வண்டியும் அப்படித்தான்: 2019 முதல் புதிய வடிவமும் கிளாசிக் என்ற பெயரில் பழைய வடிவமும் சில ஆண்டுகள் அருகருகே விற்பனையில் இருந்தன. இரண்டின் மூடியும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நம்பி வாங்கக் கூடாது. பெட்டியின் நீளத்திலும் இதே குழப்பம். ஐந்தரை அடி என்று எல்லாரும் சொல்லும் எஃப்-150 பெட்டியின் உண்மை நீளம் 67 அங்குலத்துக்குச் சற்று மேல். சில்வராடோவின் குட்டைப் பெட்டி ஏறத்தாழ 70 அங்குலம். பேச்சுவழக்கில் இரண்டையும் குட்டைப் பெட்டி என்பார்கள். மூடியின் விளிம்புக்கோ மூன்று அங்குலம் என்பது பெரும் பள்ளம். ஆகவே நாடாவை எடுத்து, டெயில்கேட்டை மூடி, முன்சுவரின் உட்பக்க மேல்விளிம்பிலிருந்து டெயில்கேட்டின் உட்பக்க மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அடித்தளத்தில் அளக்க வேண்டாம். மூடி உட்காருவது மேலே.

வண்டியில் ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டொயோட்டா டக்கோமாவின் பெட்டி 2005 மாடல் முதல் இரும்புக்குப் பதில் கூட்டுப்பொருளால் ஆனது. உட்சுவரில் சரக்கைக் கட்ட ரெயில்களும் உண்டு. அதற்கான மூடி அந்த ரெயிலைப் பயன்படுத்திக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். ராம் வண்டிகளில் பக்கச்சுவருக்குள் ராம்பாக்ஸ் என்ற பூட்டுப்பெட்டி இருந்தால் உட்புற அகலமே மாறிவிடும். அதற்கென்று தனி மூடி வேண்டும். டெயில்கேட்டும் இப்போது பலவிதம். ஜிஎம்சி சியராவின் மல்டிப்ரோ டெயில்கேட்டில் உட்கதவு தனியே மடங்கும். ராமின் ஒரு வகை டெயில்கேட் இரண்டாகப் பிளந்து பக்கவாட்டில் திறக்கும். மூடியின் பின்விளிம்பு டெயில்கேட்டின் தலைமேல் படிந்திருந்தால், மூடியைத் தூக்காமல் இந்தக் கதவுகளைத் திறக்க முடியாமல் போகலாம். பெட்டிக்குள் போட்ட லைனரும் முக்கியம். தெளித்துப் பூசிய லைனர் தொல்லை தராது. தனித் துண்டாக இறக்கி வைக்கும் பிளாஸ்டிக் லைனர் சுவரின் உதட்டையும் மூடியிருந்தால், மூடியின் ரெயிலைச் சுவரோடு இறுக்கும் கிளாம்ப் விழும் இடங்களில் அதை வெட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் கடித்த கிளாம்ப் அதிர்வில் நழுவும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு திருட்டைப் பற்றியது. "விளிம்பு மழைக்குச் சரி, திருடனைத் தடுப்பது தடித்த பலகைதானே?" என்று கேட்கலாம். இதில் பாதி உண்மை. துணி மூடியைக் கத்தியால் ஒரே இழுப்பில் கிழித்துவிடலாம். கடினப் பலகையை அப்படிச் செய்ய முடியாது. துணியிலிருந்து பலகைக்கு மாறியதும் கிடைக்கும் பாதுகாப்பு உண்மையானது. அதற்குமேல் பலகை தடிக்கத் தடிக்கக் கிடைப்பது சொற்பம், ஏனென்றால் திருட வருபவர் பலகையோடு மல்லுக்கட்டுவதில்லை; டெயில்கேட்டைத் திறக்கிறார். இந்த மூடிகள் பெரும்பாலானவற்றில் தனிப் பூட்டு கிடையாது. தாழின் கயிறு டெயில்கேட்டுக்குள் மறைந்திருக்கும். டெயில்கேட் திறந்தால் மூடியும் திறந்த மாதிரிதான். சில ட்ரக்குகளில் கதவுகளைப் பூட்டும் பொத்தானே டெயில்கேட்டையும் பூட்டும். வேறு பலவற்றில், குறிப்பாக அடிப்படை வகைகளிலும் பழைய வண்டிகளிலும், தனியே சாவி போட வேண்டும் அல்லது பூட்டே இருக்காது. அப்படிப்பட்ட வண்டிக்கு வெளியில் விற்கும் டெயில்கேட் பூட்டை மூடியோடு சேர்த்தே வாங்குங்கள். காப்பீட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்: அமெரிக்காவில் பொதுவாக வண்டிக் காப்பீடு பெட்டிக்குள் இருந்த சொந்தப் பொருட்களுக்குப் பணம் தராது, அது வீட்டுக் காப்பீட்டின் கீழ் வரும். மூடியையே வண்டியின் கூடுதல் உபகரணமாக முன்கூட்டிப் பதிவு செய்யவும் வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு எடையைப் பற்றியது. மடிப்பு மூடிகளில் 300, 400 பவுண்டு என்று தாங்குதிறன் எழுதியிருப்பார்கள். அந்த எண் சமமாகப் பரவிய எடைக்கு மட்டும் உரியது. ஒரு ஆள் முழங்காலை ஊன்றினால் அவருடைய எடை முழுவதும் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் இறங்கும். அதற்கு அந்த எண் எந்த உறுதியும் தருவதில்லை. எண் உண்மையாகவே பயன்படுவது பனிக்குத்தான். புதிதாக விழுந்த இலேசான பனியில் நீர் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், 30 சதுர அடி மூடியில் ஒரு அடி உயரப் பனி 190 பவுண்டுக்குள் இருக்கும். மழை கலந்து ஊறிய பனியில் நீர் பத்தில் மூன்று பங்காகிவிட்டால் அதே உயரம் 560 பவுண்டைத் தொடும். ஆக 400 பவுண்டு மூடியும் ஈரப்பனியை நாட்கணக்கில் சுமக்கக் கூடாது. துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். மூடியின் மேலேயே சரக்கு ஏற்ற வேண்டிய தொழில் என்றால் மடிப்பு மூடி உங்களுக்கானதல்ல. பென்சில்வேனியாவில் தயாராகும் டயமண்ட்பேக் போன்ற முழு அலுமினியத் தகட்டு மூடிகள் அதற்கென்றே உள்ளன. அவற்றின் கனரக வகை 1,600 பவுண்டு ஏற்றலாம் என்கிறது. மடிப்பு மூடியில் தடித்த பலகையைத் தேடி அந்தத் திறனைப் பெற முயல்வது வீண்.

எரிபொருள் மிச்சமாகும் என்ற வாதத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மூடி போட்டால் காற்றின் இழுவை ஓரளவு குறைவது உண்மை. ஆனால் டெயில்கேட் மூடிய திறந்த பெட்டிக்குள் காற்று தானே ஒரு சுழலாகத் தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கிப் போகச் செய்கிறது. ஆகவே மூடியால் கிடைக்கும் கூடுதல் நன்மை சிறிது. இரண்டு சதவீதம் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 மைல், காலனுக்கு 20 மைல் என்றால் 750 காலன். இரண்டு சதவீதம் 15 காலன். மூன்றரை டாலர் விலையில் 53 டாலருக்குள். ஆயிரம் டாலர் மூடியின் பணம் அந்த வழியில் திரும்பி வர ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகும். இந்தக் காரணத்துக்காக மட்டும் வாங்காதீர்கள்.

விலை குறைந்த துணிச்சுருள் மூடியே போதாதா என்பது நியாயமான கேள்வி. 200 முதல் 500 டாலருக்குள் கிடைக்கும், மழையைத் தடுக்கும், சுருட்டிவிட்டால் பெட்டி முழுவதும் காலி. விலையுயர்ந்த கருவிகளை இரவில் வண்டியிலேயே விட்டுவிடும் வழக்கம் இல்லாதவருக்கு அது போதும், அதையே பரிந்துரைக்கிறேன். மறுகோடியில் உள்ளிழுக்கும் மூடி, 1,500 டாலருக்கு மேல். அது சுருண்டு போகும் உலோகப் பெட்டி சரக்குப் பெட்டியின் முன்பக்கத்தில் கணிசமான இடத்தைத் தின்றுவிடும். குட்டைப் பெட்டி வண்டியில் அந்த இழப்பு தெரியும். மடிப்புக் கடினமூடி இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதன் பலவீனம் மடித்த நிலையில்தான்: பலகைகள் முன்பக்கம் அடுக்காக நின்று, பெட்டியின் மூன்றில் ஒரு பங்கையோ பின்கண்ணாடியையோ மறைக்கும். எல்லாப் பலகைகளும் எழுந்து கேபினோடு ஒட்டி நிற்கும் வகை பெட்டியை முழுவதும் திறந்து தரும், ஆனால் கேபினின் மேல் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கை மறைக்கக்கூடும். அமெரிக்காவில் 1994 மாடல் முதல் இலகுரக ட்ரக்குகளுக்கு அந்த விளக்கு கட்டாயம். பின்னால் வருபவருக்கு அது தெரியாதபடி சாலையில் ஓட்டுவது சட்டத்துக்கு முன்பே அறிவுக்குப் பொருந்தாது. நிறுத்திய இடத்தில் ஏற்றி இறக்க மட்டும் அந்த நிலையை வைத்துக்கொண்டு, ஓட்டும்போது மூடியே வையுங்கள். பாதி மடித்து ஓட்ட வேண்டியிருந்தால் பலகை அடுக்கைக் கட்டும் பட்டிகள் இரண்டையும் மாட்டாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

பொருத்தும் வேலையைக் கடையில் கொடுக்க வேண்டுமா? அவசியமில்லை என்பதே என் கருத்து. பெரும்பாலான மூடிகளுக்குத் துளையிடும் வேலை கிடையாது. ரெயிலைச் சுவரின் உதட்டோடு கிளாம்பால் இறுக்குவதுதான். ஸ்பேனர் செட், நாடா, டார்ச் விளக்கு, முடிந்தால் டார்க் ரெஞ்ச், இன்னொரு ஆள். மூடி 20 முதல் 35 கிலோ வரை இருக்கும். கனத்தைவிட அதன் அகலம்தான் ஒருவரால் சமாளிக்க முடியாதது. இரண்டாவது ஆள் இல்லாமல் தூக்கினால் கேபினின் பெயின்டில் கோடு விழும். சொந்தக் கையால் செய்வதன் ஆதாயம் கூலி மிச்சம் மட்டுமல்ல: எந்தக் கிளாம்ப் எங்கே கடித்திருக்கிறது, எந்தக் குழாய் எந்தத் துளை வழியாக இறங்குகிறது என்பது தெரிந்திருந்தால், பின்னாளில் ஒழுகும்போது தேட வேண்டிய இடம் தெரியும்.

வேலையைச் சுத்தம் செய்வதில் தொடங்குங்கள். சுவரின் தலை, உட்புற உதடு, முன்சுவரின் மேல்விளிம்பு ஆகியவற்றைச் சோப்பு நீரால் கழுவி, காயவைத்து, பட்டை ஒட்டும் இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பழைய மெழுகு ஒரு படலம் இருந்தாலும் பசை பிடிக்காது. குளிர்ந்த தகட்டிலும் பிடிக்காது. வெளியே உறைபனி என்றால் சூடேற்றிய கராஜில் வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகே ஒட்டுங்கள். இந்த வகைப் பசைநாடா சாதாரண வெப்பநிலையில் முழு வலுவை அடைய மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் தண்ணீரைப் பீய்ச்சிச் சோதித்தால் நல்ல பட்டையையும் கெடுத்துவிடுவீர்கள். முன்சுவர்ப் பட்டையை இழுத்து ஒட்டாமல் தளர்வாக வைத்து அழுத்துங்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் பிறகு சுருங்கி இரு முனைகளிலும் இடைவெளி விடும். முன்மூலை ஈரத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது ரெயில்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படுவது மற்ற எல்லாக் கட்டங்களையும் கெடுக்கும். இரண்டு ரெயில்களையும் முன்சுவரோடு முட்ட வைத்து, கிளாம்புகளைக் கைவிரலால் திருகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ரெயிலின் மேல்விளிம்பு சுவரோடு எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும். அந்த மட்டம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பிறகு இரண்டு ரெயில்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடங்களில் அளந்து, மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு முறை அளந்துகொள்ளுங்கள். குறுக்களவுகள் இரண்டும் ஒத்துவந்தால் ரெயில்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றன. ஒத்து வராவிட்டால் ஒரு ரெயில் மற்றதைவிட முன்னே போயிருக்கிறது; அதன்மேல் வைக்கும் மூடி கோணலாகத்தான் உட்காரும். பல வண்டிகளில் பக்கச்சுவர்கள் நடுவில் சிறிது வெளியே பிதுங்கியிருக்கும். சுவரின் போக்குக்கு ரெயிலை வளைத்து இறுக்குவதைவிட, கையேடு அனுமதித்தால் கிளாம்புக்கும் சுவருக்கும் நடுவே தகடு வைத்து ரெயிலை நேராக நிறுத்துவது நல்லது.

மூடியை மடித்த நிலையில் இருவராகத் தூக்கி, முன்பக்கமாக ரெயில்மேல் வைத்து, இரு பக்க இடைவெளியும் சமமாகும்படி நகர்த்துங்கள். முன் போல்ட்டுகளைத் தளர்வாகப் போட்டு, ஒவ்வொரு பலகையாக விரித்து, ஒவ்வொன்றுக்கும் நின்று இடைவெளியைப் பாருங்கள். கடைசிப் பலகை இறங்கியதும் டெயில்கேட்டை மெதுவாகச் சாத்துங்கள். பட்டை அமுங்கும் இலேசான எதிர்ப்பு இருக்க வேண்டும். தோளால் தள்ள வேண்டியிருந்தால் மூடி பின்னால் தள்ளியிருக்கிறது, எதிர்ப்பே இல்லையென்றால் முன்னால் போயிருக்கிறது. முன்பின் நகர்த்தி இதைச் சரிசெய்யும்வரை எதையும் இறுக்க வேண்டாம். சரியானதும் கேபின் பக்கத்திலிருந்து பின்னோக்கி, இடம் ஒன்று வலம் ஒன்று என மாறிமாறி இறுக்குங்கள். கையேட்டில் இறுக்க அளவு கொடுத்திருந்தால் அதைத் தாண்டாதீர்கள். எஃப்-150 வண்டியின் உடல் 2015 மாடல் முதல் அலுமினியம். அதிக இறுக்கத்தில் சுவரின் உதடு நசுங்கும், கூட்டுப்பொருள் பெட்டியில் கீறலே விடலாம். அலுமினியப் பெட்டியில் இரும்புக் கிளாம்ப் நேரடியாகத் தொட்டால், சாலையில் தூவும் உப்பு நீர் பட்டு அலுமினியம் அரிக்கத் தொடங்கும். கிளாம்போடு வரும் ரப்பர் திண்டுகளைத் தேவையில்லாத உதிரி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவை அதற்காகவே கொடுக்கப்பட்டவை.

வடிகுழாய் உள்ள மூடியில் குழாயை வளையாமல், ஏறி இறங்காமல், நேரே கீழ்நோக்கி விடுங்கள். முன்மூலைகளில் ஏற்கெனவே ரப்பர் அடைப்போடு துளை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பிளாஸ்டிக் லைனரில் துளையிட வேண்டியிருக்கலாம். வண்டியின் இரும்பில் துளையிடுவதைத் தவிருங்கள். வேறு வழியே இல்லையென்றால் அடியில் எரிபொருள் குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்த பிறகே துளைத்து, வெட்டிய விளிம்புக்குத் துருத்தடுப்புப் பூச்சு கொடுங்கள்.

சோதனை இரண்டு கட்டம். இருட்டியபின் எரியும் டார்ச் விளக்கைப் பெட்டிக்குள் வைத்து, மூடி, டெயில்கேட்டைச் சாத்திவிட்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் நீர் கசியக்கூடிய இடம். ஆளை உள்ளே படுக்கவைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதைச் செய்யவே கூடாது, உள்ளிருந்து திறக்கும் வசதி பல மூடிகளில் இல்லை. பசை காய்ந்தபின் இரண்டாவது கட்டம்: பெட்டியின் தரையில் காகிதத் துண்டுகளைப் பரப்பி, ஹோஸ் குழாயில் தண்ணீரை மழைபோல மெதுவாக விடுங்கள், முதலில் முன்விளிம்பில், பிறகு பக்கங்களில், கடைசியாகப் பின்னால். ஒவ்வொரு பகுதிக்கும் சில நிமிடம் கொடுத்து, திறந்து, எந்தக் காகிதம் நனைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டால் உள்ளே ஈரம் இருப்பது தெரியும், வந்த வழி தெரியாது. காரைக் கழுவும் உயர் அழுத்தக் குழாயை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். எந்த மழையும் அந்த வேகத்தில் பட்டைக்குள் பாய்வதில்லை.

முதல் சில நூறு மைலுக்குப் பிறகு எல்லாக் கிளாம்புகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அதிர்வில் ரப்பர் திண்டுகள் படிந்து சற்றுத் தளர்ந்திருக்கும். பட்டைகளுக்குக் குளிர்காலம் தொடங்கும் முன் சிலிக்கான் கலந்த பாதுகாப்புத் திரவம் தடவினால் உறைந்து ஒட்டிக்கொள்ளாது. பெட்ரோலியம் கலந்த எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். மங்கலான பூச்சுள்ள பலகைக்கு மெழுகு வேண்டாம், திட்டுத்திட்டாகத் தெரியும். சோப்பு நீர் போதும். கீலின் மேல் உறைந்த பனிக்கட்டியைக் கரண்டியால் குத்தாமல், வண்டியை வெயிலிலோ கராஜிலோ வைத்துக் கரையவிடுங்கள். கையேட்டையும் ரசீதையும் வண்டியின் கையுறைப் பெட்டியில் வையுங்கள். மாற்றுப் பட்டை கேட்கும்போது பகுதி எண் அதில்தான் இருக்கும்.